நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் இருவழி வானொலி: ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தடங்களின் வரலாறு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலங்களில் ஓடும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் பேசவும் கேட்கவும் பயன்படும் வானொலிக் கருவி இருவழி வானொலி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் காவல்துறை ஜீப்பில் இருக்கும் இதே வகைக் கருவியை மக்கள் 'வயர்லெஸ்' என்றே சொல்லிப் பழகியுள்ளனர். ஒரு நகரத்துக்கும் அடுத்த நகரத்துக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் மனித நடமாட்டமே இல்லாத நிலத்தில் இக்கருவி தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் அடுத்த இடத்தில் வைத்து எண்ணப்பட்டது. கருவியை வாங்குவதைக் காட்டிலும் அதை வண்டியில் ஒழுங்காகப் பொருத்துவது கடினமான வேலையாக இருந்து வந்தது. ஊர்தி வானொலியின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தப் பொருத்தும் வேலையின் வரலாறுதான்.

தொடக்க முயற்சிகள்

வண்டிக்குள் வானொலியைக் கொண்டுவந்ததில் காவல்துறைகள் முன்னோடிகள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை 1923இல் ரோந்துக் கார்களில் கம்பியில்லாத் தந்திக் கருவியைப் பொருத்தியது. கருவி பின்னிருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டது. குரலுக்கு அதில் இடமில்லை. மோர்ஸ் குறியீடு மட்டுமே. அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை 1928இல் தொடங்கிய சேவை ஒருவழியானது: நிலையம் பேசும், கார் கேட்கும், பதில் சொல்ல வேண்டுமானால் காவலர் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். காரிலிருந்தே பதில் பேசும் வசதி 1933இல் நியூஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரக் காவல்துறைக்குக் கிடைத்தது.

இவை நகரத்துக் கதைகள். ஆஸ்திரேலிய உள்நாட்டில் இந்தத் தேவையை முதலில் உணர்ந்தவர் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் போதகர் ஜான் பிளின். கால்நடைப் பண்ணைகளில் நோயுற்றவர்கள் மருத்துவரை அழைக்கவே வழியின்றி இறந்தனர். வானூர்தியில் மருத்துவர் போவதற்கு அவர் திட்டமிட்டார். ஆனால் நோயாளி இருக்கும் செய்தி மருத்துவருக்கு எட்டினால்தானே வானூர்தி கிளம்பும்? எனவே 1925இல் ஒரு டாட்ஜ் காரில் வானொலிக் கருவிகளை ஏற்றிக்கொண்டு பிளின் சோதனைப் பயணம் போனார். காரின் இயந்திர வலிமையே மின்னாக்கியைச் சுழற்றியது. கார் இருந்தால் செய்தி போகும். ஆனால் அன்று எத்தனை பண்ணைகளில் கார் இருந்தது?

அடிலெய்டைச் சேர்ந்த மின்பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர் 1926இல் பிளினுடன் மத்திய ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பகுதியில் நடந்த சோதனைகளில் செய்திகள் சென்று சேர்ந்தன. ஆனால் அவற்றுக்குத் தேவைப்பட்ட பேட்டரிகள் மிகவும் கனமானவை. எவரும் சுமந்து திரியக்கூடியவை அல்ல. டிரேகர் கண்ட தீர்வு மிதிவண்டியின் மிதிகட்டைகள். உட்கார்ந்தபடி காலால் மிதித்தால் ஒரு மனிதனால் சிரமமின்றி சுமார் 20 வாட் மின்சாரத்தை 300 வோல்ட் அழுத்தத்தில் உண்டாக்க முடியும் என்று அவர் கண்டறிந்தார். பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் வானூர்தி 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து கிளம்பியது. மறு ஆண்டு ஜூனில் அகஸ்டஸ் டவுன்ஸ் என்னும் பண்ணையில் முதல் மிதி வானொலி நிறுவப்பட்டது. மோர்ஸ் தெரியாதவர்களுக்காகத் தட்டச்சுப் பொறியைப் போன்ற விசைப்பலகை ஒன்றையும் டிரேகர் பின்னர் சேர்த்தார். எழுத்தை அழுத்தினால் கருவியே மோர்ஸ் குறியை அனுப்பிவிடும். குரல் வழிப் பேச்சு 1930களின் நடுவில் வந்தது.

பண்ணைகளுக்கு வானொலி வந்தபின் மருத்துவ அழைப்புகளுக்கு அப்பால் ஒரு வழக்கமும் வளர்ந்தது. குறித்த நேரத்தில் பண்ணை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே அதிர்வெண்ணில் கூடி ஊர்க்கதை பேசுவர். இதற்கு அங்குள்ள கிளியினமான 'கலா'வின் பெயரே வைக்கப்பட்டது. கலாக்கள் கூட்டமாக உட்கார்ந்து ஓயாமல் கத்துபவை. ஒருவர் பேசுவதை எல்லோரும் கேட்கலாம் என்னும் இந்தத் தன்மையே பின்னாளில் சாலைப் பயணிகளுக்கும் பயன்பட்டது.

ஜீப்பும் போர்க்கால அனுபவமும்

நான்கு சக்கர இயக்கமும் இருவழி வானொலியும் பெருமளவில் ஒன்றுசேர்ந்தது இரண்டாம் உலகப்போரில். அமெரிக்கப் படையின் வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் பலவகை வானொலிகள் ஏற்றப்பட்டன. எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த அதிர்வெண் பண்பேற்ற முறை (எஃப்.எம்.) தரைப்படை வானொலிகளில் இடம்பெற்றது இக்காலத்தில்தான். தம் காப்புரிமைகளை அவர் படைக்குக் கட்டணமின்றி அளித்தார். வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏ.எம்.) இயந்திர இரைச்சல் பேச்சோடு கலந்து கேட்கும். எஃப்.எம். அந்த இரைச்சலைப் பெரிதும் அடக்கியது. ஓடும் ஊர்திக்கு அது மிகவும் பொருந்தியது.

இருப்பினும் இரைச்சலை வாங்கியில் அடக்குவதைவிடப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது மேல் என்பதைப் படைப் பொறியாளர்கள் உணர்ந்திருந்தனர். பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு சிறு வானொலிப் பரப்பியைப் போலவே நடந்துகொள்ளும். தீப்பொறி தாவும் ஒவ்வொரு முறையும் பரந்த அதிர்வெண்களில் இரைச்சல் வெளிப்படும். இதைத் தடுக்கப் பிளக்குகளில் மின்தடைகளும், மின்னாக்கியிலும் அழுத்தச் சீராக்கியிலும் மின்தேக்கிகளும் சேர்க்கப்பட்டன. பானெட், உடற்பகுதி, இயந்திரம், சட்டகம் ஆகியவை பின்னலிட்ட செப்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. திருகாணிகளுக்கு அடியில் பல்லுள்ள வாஷர்கள் இடப்பட்டன. அந்தப் பற்கள் வண்ணப்பூச்சைக் கீறி உலோகத்தைத் தொட்டால்தான் மின்தொடர்பு உறுதிப்படும். இவ்வாறு இரைச்சல் அடக்கப்பட்ட ஊர்திகளின் பதிவெண்ணுக்குப் பின் 'எஸ்' என்னும் எழுத்து எழுதப்பட்டது. எந்த ஜீப்பில் வானொலி ஏற்றலாம் என்பதை எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆன்டெனாவின் அடிப்பாகம் ஜீப்பின் பின்புற மூலையில், சுருள்வில்லுடன் இணைக்கப்பட்டது. மரக்கிளையில் மோதினால் கம்பம் முறியாமல் வளைந்து நிமிர வேண்டும் என்பதே காரணம். மேலே கம்பிகள் தாழ்வாகத் தொங்கும் இடங்களில் அதன் நுனியைக் கயிற்றால் இழுத்து வளைத்துக் கட்டினர். இந்தச் சுருள்வில்லும் செப்புப் பட்டையும் பல் வாஷரும் இன்றைய வண்டிகளிலும் காணப்படுகின்றன.

போருக்குப்பின் 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரைப் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்டபோது, வானொலிக்கென்றே தனிவகை ஊர்தி உருவானது. 'வானொலிக்கு ஆயத்தமானது' என்று பொருள்படும் பெயரில் அது வழங்கியது. சாதாரண வண்டியின் 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் மின்சுற்று, உலோக உறையிட்ட பற்றவைப்புக் கம்பிகள், வானொலிக்குத் தனி பேட்டரிகள், பின்புறத்தில் கருவி வைக்க மேசை, முன்பக்க மட்கார்டின் மேல் ஆன்டெனாவுக்கான பெட்டி ஆகியவை தொழிற்சாலையிலேயே அமைந்தன. வண்டியை வாங்கிப் பிறகு துளையிடுவது ஒரு முறை. துளைகளையும் சேர்த்தே வண்டியை வரைவது இன்னொரு முறை. இரண்டாவது முறையின் முழுமையான எடுத்துக்காட்டு இது.

பாலைவழிகளில்

ஆஸ்திரேலியாவின் வூமரா ஏவுகணைத் தளத்துக்காகவும் எமு ஃபீல்டு, மரலிங்கா அணுகுண்டுச் சோதனைகளுக்காகவும் பாலைநிலத்தில் சாலைகள் வெட்டப்பட்டன. இப்பணியின் நில அளவையாளர் லென் பீடெல். 1955 முதல் 1958 வரை போடப்பட்ட கன்பேரல் நெடுஞ்சாலை இவற்றில் புகழ்பெற்றது. பீடெலின் குழு போட்ட பாதைகளின் மொத்த நீளம் 6,000 கிலோமீட்டருக்கும் மேல். குழுவுக்கு முன்னால் லேண்ட் ரோவரில் தனியாகப் புதர்களுக்குள் நுழைந்து வழி காண்பது பீடெலின் வேலை. வரைபடமே இல்லாத இடத்தில் விண்மீன்களைத் தியோடலைட்டால் நோக்கித் தம் இருப்பிடத்தைக் கணித்தார். அக்கணக்குக்குத் துல்லியமான நேரம் வேண்டும். அந்த நேரக்குறிகள் சிற்றலை வானொலி வழியே வந்தன. ஆகவே அவருக்கு வானொலி உதவிக்கு அழைக்கும் கருவி மட்டுமன்று, அளவைக் கருவியும்கூட. (அவர் போட்ட பாதைகளும் அவற்றை ஒட்டி நடந்த அணுகுண்டுச் சோதனைகளும் அந்நிலத்தின் பழங்குடி மக்களுக்குச் செய்தது என்ன என்பது தனியே எழுத வேண்டிய நீண்ட வரலாறு.)

வானொலி இல்லாத பயணம் எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு 1963 டிசம்பரில் நடந்த துயரம் சான்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 520 கிலோமீட்டர் நீளும் பேர்ட்ஸ்வில் தடத்தில், தாய், தந்தை, மூன்று மகன்கள் எனக் குடும்பம் ஒன்று காரில் போனது. வழி தவறி எரிபொருள் தீர்ந்தது. கடும் கோடைக்காலம். தாங்கள் இருக்கும் இடத்தை யாருக்கும் தெரிவிக்க அவர்களிடம் வழி இல்லை. ஐவரும் தாகத்தால் இறந்தனர். அந்தத் தடத்தைப் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை இந்நிகழ்வைக் குறிப்பிடாமல் கடப்பதில்லை.

சிற்றலை வானொலியும் நெட்டைக் கம்பமும்

உள்நாட்டு ஊர்திகளில் நெடுந்தொலைவுத் தொடர்புக்கு உதவியது எச்.எஃப். எனப்படும் உயர் அதிர்வெண் வானொலி. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்த அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும். அதனால் இடையில் எந்தக் கோபுரமும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் பேச முடியும். பகலில் உயர்ந்த அதிர்வெண்ணும் இரவில் தாழ்ந்த அதிர்வெண்ணும் நன்றாக வேலை செய்யும். எந்த நேரத்துக்கு எது என்பது அனுபவத்தில் பழக வேண்டியது.

சிக்கல் ஆன்டெனாவின் நீளத்தில் இருந்தது. 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 மீட்டர். அதற்குக் கால் அலைநீளக் கம்பம் 15 மீட்டர் உயரம் வேண்டும். வண்டியில் வைக்கக்கூடியதோ இரண்டு, மூன்று மீட்டர். குறையும் நீளத்தைக் கம்பிச் சுருளால் ஈடுசெய்தனர். ஆனால் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் சுருளின் அளவு மாற வேண்டும். எனவே கம்பத்தில் பல இணைப்பு முனைகள் வைத்து, ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், தேவையான முனையில் கம்பியைச் செருகும் முறை நெடுங்காலம் இருந்தது. கொட்டும் மழையில் அதிர்வெண் மாற்றுவது இனிய அனுபவமாக இருந்திருக்காது. பின்னர் சுருளைத் தானே சரிசெய்துகொள்ளும் தன்னியக்க ஆன்டெனாக்கள் வந்தன. பருத்த அடிப்பாகமும் மெல்லிய நுனியும் கொண்ட இவை புல்பாரின் முன்னால் நிற்கும்.

அடிலெய்டில் 1959இல் தொடங்கப்பட்டுப் பின்னர் கோடான் எனப் பெயர் பெற்ற நிறுவனம் இவ்வகைக் கருவிகளில் உலகெங்கும் அறியப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையும் நிவாரண அமைப்புகளும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஓட்டும் வெள்ளை நிற லேண்ட் குரூசர்களின் முன்னால் நிற்கும் அந்த நெட்டைக் கம்பத்துக்கு ஆஸ்திரேலியப் பாலையோடு உறவு உண்டு.

மக்கள் அலைவரிசை

அருகிலுள்ள வண்டியோடு பேச எச்.எஃப். தேவையில்லை. அமெரிக்காவில் 1958 முதல் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் எவரும் பேசலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப்பின் லாரி ஓட்டுநர்கள் எரிபொருள் கிடைக்கும் இடத்தையும் வேகக்கட்டுப்பாட்டுக் காவலர் நிற்கும் இடத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அதைப் பயன்படுத்தியதால் அது பெரும் மோகமாகப் பரவியது. ஆஸ்திரேலியாவில் இக்கருவிகள் சட்டத்துக்குப் புறம்பாகவே பெருகின. தடுக்க முடியாது என்று கண்ட அரசு 1977இல் 27 மெகாஹெர்ட்ஸில் 18 அலைவரிசைகளை அனுமதித்தது. அத்துடன், உலகில் அப்போது வேறெங்கும் இல்லாதபடி 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 40 அலைவரிசைகளையும் மக்களுக்கு ஒதுக்கியது. இந்த யு.எச்.எஃப். அலைவரிசைக்கான முதல் கருவியான பிலிப்ஸ் எஃப்எம் 320 ஆஸ்திரேலியாவிலேயே வடிவமைக்கப்பட்டது.

இந்த முடிவின் பயன் பின்னரே தெரிந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் கண்டம் தாண்டி வந்து ஒன்றன்மேல் ஒன்று மோதும். பக்கத்து வண்டியின் குரல் தொலைநாட்டுக் கூச்சலில் மூழ்கும். யு.எச்.எஃப். அலைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆன்டெனாவும் சிறியது: கால் அலைநீளம் 16 சென்டிமீட்டர்தான். 5 வாட் திறனில் சமவெளியில் 5 முதல் 20 கிலோமீட்டர் வரை எட்டும். மேட்டின் மேல் வைக்கும் மறுஒலிபரப்பி ஒரு வண்டியின் பேச்சை வாங்கி 750 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மீண்டும் அனுப்பும். அப்போது தொலைவு பல மடங்காகும்.

எண்களுக்குத் தனி வழக்காறு உருவானது. 40ஆம் அலைவரிசை நெடுஞ்சாலை லாரிகளுக்கு. 10 நான்கு சக்கர இயக்க ஊர்திக் குழுக்களுக்கு. 18 இழுவை வீடுகளோடு போகும் பயணிகளுக்கு. ஐந்தும் முப்பத்தைந்தும் ஆபத்துக் கால அழைப்புகளுக்கு மட்டுமே உரியவை. இது வழக்கம் அல்ல, சட்டம். மணல்மேட்டின் உச்சியில் எதிரே வரும் வண்டி தெரியாது. எனவே சிம்சன் பாலையைக் கடப்போர் மேடேறும் முன் வானொலியில் சொல்லிவிட்டே ஏறுகின்றனர்.

வண்டியில் பொருத்தும் முறை

பாலைத் தடத்தின் சாலை வரிவரியாக மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும். நாள் முழுவதும் வண்டி நடுங்கிக்கொண்டே ஓடும். நகரத்தில் பத்தாண்டு உழைக்கும் இணைப்பு இங்கே ஒரு வாரத்தில் கழன்றுவிடும். ஆகவே நேர்த்தியான பொருத்தம் என்பது இங்கு அழகு சார்ந்தது மட்டும் அன்று.

முதலாவது மின்சாரம். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பது எளிது. ஆனால் மற்றக் கருவிகளின் இரைச்சலும் அதே வழியில் வரும். அதனால் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுப்பர். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்கு அருகில், கருவிக்கு அருகில் அன்று. கம்பி உரசித் தேய்ந்து வண்டியின் உலோகத்தைத் தொட்டால், ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட நீளம் பாதுகாப்பற்றது; அந்த நீளம் குறைவாக இருக்க வேண்டும். இயந்திர அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் இடாமல் விட்டதால் தீப்பற்றுவது இவ்வாறுதான். பேட்டரியின் எதிர்முனையில் உணரி உள்ள புதிய வண்டிகளில் கருவியின் எதிர்மின் கம்பியை அந்த முனையில் கட்டாமல் உடற்பகுதியின் நிலமுனையில் கட்டுகின்றனர். இல்லாவிட்டால் வண்டியின் கணினி பேட்டரியின் நிலையைத் தவறாகக் கணக்கிடும்.

கம்பியின் பருமன் அடுத்தது. 5 வாட் யு.எச்.எஃப். கருவி பேசும்போது இரண்டு ஆம்பியருக்கு உட்பட்ட மின்னோட்டத்தையே எடுக்கும். 100 வாட் எச்.எஃப். கருவியோ குரல் உயரும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். போகவர 10 மீட்டர் நீளமுள்ள 2 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.6 வோல்ட்தான். இயந்திரம் நின்று, பேட்டரி தளர்ந்திருக்கும் வேளையில்தான் உதவிக்கு அழைக்க நேரும். அப்போது அந்த ஒரு வோல்ட், கருவி பேசுமா பேசாதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

ஆன்டெனாவுக்கு வண்டியின் உலோக உடலே மறுபாதி. அலைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவக் கூரையின் நடுவே சிறந்த இடம். ஆனால் கூரையில் சாமான் தாங்கி இருக்கும், மரக்கிளை தட்டும், புது வண்டியின் கூரையில் துளையிட உரிமையாளருக்கு மனம் வராது. எனவே பெரும்பாலோர் புல்பாரில் வைக்கின்றனர். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் வண்டியின் உடல் மறைக்கும். புல்பார் ரப்பர் திண்டுகளின் மேலோ வண்ணப்பூச்சின் மேலோ உட்கார்ந்திருந்தால் மின்தொடர்பு அறும். அப்போது ஜீப்பின் பழைய செப்புப் பட்டை மீண்டும் தேவைப்படும். உயரமான ஆன்டெனா மலைப்பாங்கான இடத்துக்குப் பொருந்தாது என்பதும் பலருக்கு வியப்பான செய்தி. அலைகளை அடிவானத்தை நோக்கித் தட்டையாகக் குவிப்பதால்தான் அது சமவெளியில் தொலைவு எட்டுகிறது; பள்ளத்தாக்கிலிருந்து மேட்டிலுள்ள வண்டியோடு பேசக் குட்டை ஆன்டெனாவே ஏற்றது. அனுபவமுள்ளோர் இரண்டையும் வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப மாற்றுகின்றனர்.

கருவியை எங்கே வைப்பது என்பதில் காலந்தோறும் மாற்றம் தெரிகிறது. முன்பு டேஷ்போர்டின் அடியில் இரும்புப் பட்டையில் தொங்கியது, முழங்காலில் இடித்தது. பின்னர் கூரையின் உட்புறத்தில் தனித் தட்டு அமைத்தனர். காற்றுப்பைகள் வந்தபின் அவை விரியும் வழியில் எதையும் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சேர்ந்தது. இப்போது கருவியின் உடலை இருக்கைக்கு அடியிலோ பின்புறத்திலோ மறைத்துவிட்டு, எல்லா விசைகளையும் கையில் பிடிக்கும் ஒலிவாங்கியிலேயே அமைத்த வகை பரவியுள்ளது. பார்வைக்கு வண்டியில் வானொலி இருப்பதே தெரியாது. பழுது பார்ப்பவருக்கு மட்டும் இது பிடிப்பதில்லை. அவர் இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

1993க்குப் பின்

பறக்கும் மருத்துவர் சேவையின் எச்.எஃப். நிலையங்களைத் தொலைபேசி மெல்ல மெல்லப் பின்தள்ளியபோது, பயணிகளே தங்களுக்கென ஒரு வலையமைப்பை 1993இல் அடிலெய்டை மையமாகக் கொண்டு தொடங்கினர். வி.கே.எஸ்.-737 என்னும் அழைப்புக்குறி கொண்ட இந்த வலையமைப்பில் நாள்தோறும் குறித்த நேரங்களில் நிலையம் உறுப்பினர்களை அழைக்கும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளும். அழைப்புக்குப் பதில் வராத வண்டியைப் பற்றி எங்கே விசாரிக்கத் தொடங்குவது என்பது அக்குறிப்பிலிருந்து தெரியும்.

செயற்கைக்கோள் தொலைபேசியும் இடங்காட்டும் அவசரக் கருவிகளும் வந்தபின் புதிதாக எச்.எஃப். பொருத்துவோர் குறைந்துள்ளனர். யு.எச்.எஃப். குறையவில்லை. 2011இல் அலைவரிசைகளின் அகலம் பாதியாக்கப்பட்டு அவற்றின் எண்ணிக்கை 40லிருந்து 80ஆக உயர்ந்தது. பழைய அகலக் கருவியும் புதிய கருவியும் ஒன்றோடொன்று பேசும்போது ஒருபக்கம் குரல் மெலிந்தும் மறுபக்கம் உரத்தும் கேட்கும். அதனால் பழையவற்றை விலக்கக் காலக்கெடு விதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கெடு 2017இல் கைவிடப்பட்டது. நாற்பது அலைவரிசைப் பழைய கருவிகள் பல வண்டிகளில் இன்றும் சட்டப்படியே ஓடுகின்றன.